ஆறு அழித்த ஊரும் ஆணை அழித்த ஊரும்

 

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்வந்து ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "டீச்சர், இப்ப இருக்கிற கோட்டை 1974ல அரசாங்கம் கட்டினதாமே. அப்போ கட்டபொம்மன் இருந்த ஊர் எங்கே போச்சுன்னு என் பையன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

நல்ல கேள்வி. நம் பாடப்புத்தகம் கயத்தாற்றுப் புளியமரத்தோடு முடிந்துவிடும். ஆள் என்ன ஆனார் என்று அதில் இருக்கும். ஊர் என்ன ஆயிற்று என்று இருக்காது. அதனால் இன்றைக்கு ஆள்களை விட்டுவிட்டு ஊர்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வேலை இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கரையில் ஊர் காலியாவது புது சங்கதி இல்லை. வெள்ளைக்காரன் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்திருக்கிறது.

கொற்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியரின் பெரிய துறைமுகம். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் 'கொல்கி' என்று நம் கொற்கை வருகிறது. அங்கே முத்துக் குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற கைதிகள் செய்தார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. இன்று கொற்கைக்குப் போனால் வாழைத்தோட்டம் இருக்கிறது, குளம் இருக்கிறது, பழைய வன்னிமரம் இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. அது ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி வருஷா வருஷம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடலையே பின்னால் தள்ளிவிட்டது.

கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் காயலுக்குப் போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து இறங்கிய காயல் அதுதான். அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். அதையும் ஆறு விட்டுவைக்கவில்லை. இன்று அது பழையகாயல். 1870களில் இடையன்குடி கால்டுவெல் அங்கே நிலத்தைக் கிளறிப் பார்த்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஒரு பெரிய பட்டினம் இருந்ததற்கு அந்த ஓட்டுச்சில்லுதான் சாட்சி.

ஆனால் இந்த இரண்டு ஊரையும் ஆறு ஒரே நாளில் அழிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை அது. அப்பா காலத்தில் வாசலில் நின்ற தோணி, மகன் காலத்தில் கொஞ்சம் தள்ளி நிற்கும், பேரன் காலத்தில் இன்னும் தள்ளி நிற்கும். சனங்களுக்கு யோசிக்க நேரம் இருந்தது. சாமியையும் தொழிலையும் பெயரையும் தூக்கிக்கொண்டு கடலுக்குப் பின்னாலேயே போனார்கள். அதனால்தான் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று மூன்று ஊர்கள் இன்றும் 'காயல்' என்ற பெயரைப் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. ஊர் செத்தாலும் பெயர் சாகவில்லை.

இனி 16ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1530களில் முத்துக்கரையில் பரவர் சமுதாயம் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டுக் கிறிஸ்தவம் தழுவியது. 1542இல் சவேரியார் வந்தார். புன்னைக்காயலில் போர்ச்சுக்கீசியர் கோட்டை கட்டினார்கள். தமிழில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' (1578) தந்த அண்டிரிக் அடிகளார் வேலை செய்ததும் அந்த ஊரில்தான். பிறகு புன்னைக்காயலின் முக்கியத்துவம் குறைந்து தூத்துக்குடி தலையெடுத்தது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொன்று நடந்தது. மதுரை நாயக்கர் ஆட்களோடு தகராறு முற்றியபோது, தூத்துக்குடிப் பரவர் குடும்பங்களைச் சேசு சபையார் கூட்டிக்கொண்டுபோய் எதிரே உள்ள தீவில் குடிவைத்தார்கள். நாம் முயல்தீவு என்று சொல்கிறோமே, அதே தீவு. ஓர் ஊரே கடல் தாண்டி உட்கார்ந்தது. சில ஆண்டுகளில் சனங்கள் மறுபடியும் கரைக்கே திரும்பிவிட்டார்கள். ஓர் ஊர் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆறும் மீனும் காற்றும் சொன்ன காலம் போய், மேலிடத்தில் இருப்பவர்கள் சொல்லும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் முதலில் 1782இல் பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். 1825இல்தான் ஊர் நிரந்தரமாக அவர்கள் கைக்குப் போனது. இத்தனை பேர் இந்தச் சின்னக் கரைக்கு ஏன் அடித்துக்கொண்டார்கள்? முத்துக்காகத்தான். அதுவும் போதாதென்று துணி, பிறகு பருத்தி.

முத்துச் சலாபம் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். கடலுக்கு அடியில் சிப்பி விளையும் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு நேரே உள்ள தோலாயிரம் பார் பேர்பெற்றது. சிப்பி முற்றிவிட்டதா என்று அதிகாரிகள் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். முற்றியிருந்தால் இன்ன தேதியில் சலாபம் என்று அறிவிப்பார்கள். பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், கடல் அமைதியாக இருக்கும்போது நடக்கும். அறிவிப்பு வந்ததும் ஒன்றுமே இல்லாத வெறும் மணலில் ஓலைக்கொட்டகைகள் முளைக்கும். நடுச்சாமத்தில் தரைக்காற்றில் தோணிகள் போகும். குளியாள் காலில் கல்லைக் கட்டி இறங்குவார், மூச்சடக்கி ஒரு நிமிஷம் போலச் சிப்பி பொறுக்குவார், மேலே ஒருவர் கயிறு பிடித்திருப்பார். சுறா கடிக்காமல் மந்திரம் சொல்லக் 'கடல்கட்டி' என்று ஓர் ஆள் இருப்பார். வெள்ளைக்கார சர்க்காரே அவருக்குக் கூலி கொடுத்தது! மத்தியானம் கடல்காற்றில் தோணிகள் திரும்பும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாள்களுக்கு. சர்க்கார் பங்கு அன்றன்றே ஏலத்துக்குப் போகும்.

ஆயிரக்கணக்கான பேர் கூடுவார்கள். கடைத்தெரு இருக்கும், போலீஸ் இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும், அழுகிய சிப்பியின் நாற்றமும் இருக்கும். சில வாரத்தில் சலாபம் முடிந்தது என்று உத்தரவு வந்தால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள். மிஞ்சுவது சிப்பி ஓட்டுக் குவியல்தான். உத்தரவில் பிறந்து உத்தரவில் செத்த ஊர்கள் அவை. பார்கள் அடிக்கடி மலடாகிவிடும். 1830க்குப் பிறகு நம் கரையில் 1860 வரை சலாபமே கிடையாது. கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது.

மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கத்தில், இலங்கையின் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டியிலும் இதே கதைதான். நம் கரைக் குளியாள்கள் அங்கேயும் போவார்கள். இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நார்த், சலாபத்தைக் கண்காணிக்க அரிப்பில் கடலைப் பார்த்து ஒரு மாளிகை கட்டினார். 1801இல் தொடங்கி 1804இல் முடித்த கட்டடம். இன்று அது இடிந்து, கடல் அரித்து, சில சுவர்களாக நிற்கிறது.

அந்த 1801ஆம் ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் மாளிகைக்கு அஸ்திவாரம் போட்ட அதே ஆண்டில்தான், இந்தப் பக்கம் ஓர் ஊரின் அஸ்திவாரத்தைப் பிடுங்கினார்கள்.

இப்போது பாஞ்சாலங்குறிச்சி.

குறுக்குச்சாலையில் இருந்து ஓட்டப்பிடாரம் போகும் வழியைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் கரிசல்காடு. மலை கிடையாது. அதனால் சினிமாவில் பார்த்த கல்கோட்டையை மறந்துவிடுங்கள். அது மண்கோட்டை. சுற்றிலும் முள்வேலி. உள்ளே அரண்மனை, வீடுகள், வீரசக்கதேவி கோயில். ஒரு பாளையத்தின் தலைநகரம் அது. சுற்றுவட்டாரத்து ஊர்களின் வழக்கும் வரியும் காவலும் அங்கே வந்துதான் தீரும்.

1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மன் படை கோட்டையைத் தாக்கியது. (நம் ஆசிரியர் தினம்! வ.உ.சி. பிறந்த தேதியும் அதுவே.) அன்று பிடிக்க முடியவில்லை. பிறகு கோட்டை அவர்கள் கைக்குப் போனது. அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்தார்கள். பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்களும் பறிபோயின.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பினார்கள். துரத்திக்கொண்டு படை வந்து பார்த்தால், இடித்த கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது! சில நாட்களுக்குள் சனங்கள் எல்லாரும் சேர்ந்து மண் சுமந்து கட்டியிருக்கிறார்கள். அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி இதைத் தன் நினைவுக்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். மண்கோட்டைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஆட்கள் இருக்கும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

அது ஆங்கிலேயருக்கும் புரிந்துவிட்டது. மார்ச் 31இல் நடத்திய தாக்குதல் தோற்றது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்து, மே 24இல்தான் கோட்டை விழுந்தது. இந்த முறை சுவரை மட்டும் இடித்துவிட்டுப் போகவில்லை. ஊரையே திரும்பி எழாதபடி செய்தார்கள். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஏர் கட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள்.

இரண்டு, பாளையத்தின் நிலத்தை எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை என்று தங்கள் பக்கம் நின்ற பாளையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஊரின் அடிமடியில் இருந்த வயலும் காடும் அடுத்தவன் கைக்குப் போய்விட்டால் யார் திரும்பி வருவார்?

மூன்று, பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே சர்க்கார் கணக்கில் இருந்து எடுத்துவிட உத்தரவு போட்டார்கள்.

நான்கு, ஊமைத்துரையைப் பிடித்து, 1801 நவம்பர் 16இல் அதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் அறிக்கை வந்தது. இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, பாளையக்காரர் கோட்டை எதுவும் நிற்கக் கூடாது. தெற்கத்திச் சீமை முழுவதும் கோட்டைகள் விழுந்தன.

ஐந்து, 1802 பிப்ரவரி 11ஆம் தேதி கிளர்ச்சியில் பிடிபட்ட 70க்கும் மேற்பட்டோரைக் கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு நாடுகடத்தினார்கள். சின்னமருதுவின் மகன் துரைசாமியும் அதில் ஒருவர். கப்பல் புறப்பட்டது நம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்துதான். மலேசியாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பகைவன் ஊரை உழுது போடுவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது அல்ல. நம் மூவேந்தரும் அதைச் செய்திருக்கிறார்கள். தோற்றவன் அரணைக் கழுதை பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைத்ததைச் சங்கப் புலவர்கள் புகழ்ச்சியாகவே பாடியிருக்கிறார்கள். அப்படியானால் 1801இல் என்ன புதுசு?

மூன்றாவதாகச் சொன்னேனே, அதுதான் புதுசு. கணக்குப் புத்தகம். பழைய அரசன் ஊரை எரித்துவிட்டுப் போனால், சனங்கள் காட்டில் ஒளிந்திருந்துவிட்டு வந்து மறுபடி கூரை போடலாம். ஆனால் 1801க்குப் பிறகு வந்தது காகித ஆட்சி. கணக்கில் உள்ள ஊருக்குத்தான் நிலம், கணக்கில் உள்ள ஊருக்குத்தான் வழக்கு, குளத்து மராமத்து எல்லாம். 1803இல் இங்கே ஜமீன் முறையும் வந்துவிட்டது. கணக்கில் இருந்து ஒரு பெயரை எடுத்தால், உயிரோடு இருக்கும் ஊரையே இல்லாமல் ஆக்கிவிடலாம்.

வருவாய்த் துறைக் கணக்கில் ஒரு சொல் உண்டு. உங்களில் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆள் குடியில்லாத கிராமத்தைப் 'பேச்சிராக்' என்பார்கள். பாரசீகச் சொல் அது. சிராக் என்றால் விளக்கு. பேச்சிராக் என்றால் விளக்கில்லாத ஊர். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், விளக்கு தானாக அணைந்ததா, யாராவது ஊதி அணைத்தார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். கணக்கில் அது எழுதியிருக்காது.

அதன் பிறகு நிலமே முகம் மாறியது. கோட்டைகள் இருந்த சீமை பருத்திச் சீமை ஆயிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து பஞ்சு வரவில்லை. லங்காஷயர் மில்களுக்கு நம் கரிசல் பருத்தி தேவைப்பட்டது. 1876 ஜனவரி 1ஆம் தேதி மணியாச்சியில் இருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1888இல் தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் வந்தது. முன்பு கரிசல்காட்டுப் பாதைகள் எல்லாம் பாளையத் தலைநகரங்களுக்குப் போயின. இப்போது எல்லாம் ரயிலடிக்கும் துறைமுகத்துக்கும் திரும்பின. அந்தத் துறைமுகமும் ஆழமில்லாதது. கப்பல்கள் பல மைல் தள்ளித்தான் நிற்கும். தோணியில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். இயற்கை கொடுத்த நல்ல துறைமுகம் என்பதால் தூத்துக்குடி பெரிதாகவில்லை. தண்டவாளம் அங்கே வந்து முடிந்தது, அதனால் பெரிதானது. ஆறு முடிவு செய்த காலத்தில் கொற்கையும் காயலும். ஆணை முடிவு செய்த காலத்தில் தூத்துக்குடி.

சரி, பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரை அழிக்க முடிந்ததா?

இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். கணக்கில்தான் பெயர் போனது. வில்லுப்பாட்டிலும் கும்மியிலும் கதைப்பாடலிலும் அது இருந்துகொண்டே இருந்தது. தாத்தாமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வீரசக்கதேவி கோயிலுக்குச் சனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் திருவிழாவுக்குப் பல ஊர்களில் இருந்து இளைஞர்கள் ஜோதி ஏந்தி ஓடி வருகிறார்கள். விளக்கில்லாத ஊர் என்று ஆக்க நினைத்த இடத்துக்கு ஊர் ஊராக விளக்கு வருகிறது, பாருங்கள். அந்த மண்ணுக்குக் கூப்பிடு தூரத்தில், ஓட்டப்பிடாரத்தில், 1872இல் வ.உ.சி. பிறந்தார். அதே தூத்துக்குடித் துறைமுகத்தில் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார்.

ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. அங்கே சண்டையில் செத்த ஆங்கிலேய அதிகாரிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து இன்றும் நிற்கின்றன. மண் சுமந்து அந்தக் கோட்டையைக் கட்டிய நம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கல் கிடையாது. அவர்கள் தெருக்களின் பெயர்கள்கூட நமக்கு முழுசாக வந்து சேரவில்லை. பாட்டு ராஜாவின் பெயரைக் காப்பாற்றும். குடிசையின் பெயரைக் காப்பாற்றாது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நிலம் மாறுவது இன்னும் நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று உங்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். அதில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தால் தீவுக்கு அரண் ஏது? வான் தீவும் தேய்ந்துபோய், செயற்கைப் பவளத் திட்டுகளை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இதற்கு வெள்ளைக்காரனைக் குறை சொல்ல முடியாது. சுதந்திரம் வந்த பிறகு நாமே செய்தது. கரையில் உப்பளமும் ஆலையும் வீட்டுமனையும் வருகின்றன. வரட்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் மனை போடும்போது முதலில் போவது பழைய பெயர்தான். ஓடை 'பிளாட் நம்பர்' ஆகிவிடுகிறது. குளம் ஏதோ ஒரு 'நகர்' ஆகிவிடுகிறது. இதற்குப் படையும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம். ஒரு வரைபடம் போதும்.

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். (சிரிக்காதீர்கள். வயசு ஐம்பது ஆனாலும் எனக்கு நீங்கள் அஞ்சாங்கிளாஸ்தான்.)

உங்கள் அம்மா அப்பாவோ, ஊரில் உள்ள மூத்தவர்களோ இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நம் ஊர் வயல்களுக்கு என்னென்ன பெயர்? ஓடைக்கு, குளத்து மடைக்கு, மேட்டுக்கு என்ன பெயர்? கடற்கரைப் பிள்ளைகள் பார்களின் பெயர்களைக் கேளுங்கள். தாத்தாமார் கரையில் பனையையும் கோபுரத்தையும் வைத்துக் கடலில் இடம் குறித்த கணக்கைக் கேளுங்கள். ஊர் இருந்ததாகச் சொல்கிற மேடு ஏதாவது உண்டா, அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள்.

ஆளுக்கு ஒரு பெயராவது கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் திசை என்று சேர்த்து எழுதினால் நான் ஊர்வாரியாகத் தொகுத்து வைக்கிறேன்.

அந்த மாணவரின் மகனுக்கு என் பதில் இதுதான் தம்பி. ஊர் எங்கேயும் போகவில்லை. நீ நின்ற இடத்துக்குக் கீழேயே இருக்கிறது. வீரசக்கதேவி கோயிலுக்கு முன்னால் நின்று ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார். உன் வயசுப் பிள்ளைகளும் அதைச் சுமந்திருப்பார்கள்.

 வெயில் அதிகமாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்